நீலம் வராத சுருள்

ஜனவரி. ட்ரோம்ஸோவில் சூரியனைக் கண்டு
ஏழு வாரம் ஆகிறது.
பகல் காட்சிக்கு முப்பத்தொரு பேர்,
ஈரக் கம்பளி வாசனை,
காலணிகளிலிருந்து உருகி ஓடும் பனி.
ஹால்டிஸ் பியானோ முன்னால் அமர்ந்து
விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றுகிறாள்.
நான் மேலே, எந்திரத்தோடு.

முதல் சுருள் பேய்ப்படம்.
ஆற்றில் விழுந்துபோன மாவுமில்காரன் மனைவி
மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வருவாள்.
முகமெல்லாம் மாவு.
அதுதான் ஒப்பனை, அதுதான் சாவு.
படம் பிடித்த கொட்டகையில் கணப்பு இல்லை போலும்:
செத்தவள் வாயிலிருந்து
புகை புகையாய் மூச்சு வருகிறது.
யாரும் அதை வெட்டி எறியவில்லை.
நூறு வருஷத்துக்கு மேலாக
மூச்சு விட்டுக்கொண்டே பயமுறுத்துகிறாள்.

அவளைப் பார்த்துவிட்டு
புருஷன்காரன் வாயைத் திறக்கிறான்.
அகலமாய், இன்னும் அகலமாய்,
கடைவாய்ப் பல் தெரிகிற வரைக்கும்.
சத்தமில்லை.
ஹால்டிஸும் அங்கே கையை எடுத்துவிடுவாள், வேண்டுமென்றே.
அந்த ஐந்து விநாடிக்குள்
அவரவர் கூச்சலை அவரவர் கொண்டுவந்து
அந்த வாயில் போட வேண்டும்.
என்னுடையது
பதினாறு வயதில் ஆஸ்பத்திரி நடைவழியில்
போடாமல் விட்டது.
ஒவ்வொரு காட்சிக்கும் போடுகிறேன்,
இன்னும் தீரவில்லை.
முன்வரிசை எய்லிஃபுக்கு ஒன்பது வயது,
கைவசம் ஒன்றுமில்லை, சிரிக்கிறான்.
சிரிப்பும் அந்த வாய்க்குச் சரியாகத்தான் பொருந்துகிறது.

பேசுகிற படத்தின் பேய்
எல்லாவற்றையும் தானே செய்துவிடும்.
கதவு கிறீச்சிடும், ஒருத்தி வீறிடுவாள்,
நாம் சோளப்பொரி தின்னலாம்.

இரண்டாவது சுருள் மூன்றே நிமிஷம்.
மீன்பிடித் துறை ஒன்று.
எந்த ஊரென்று பெட்டியில் எழுதவில்லை.
சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு சட்டகம்,
பச்சை வழியே அடுத்தது,
மாறி மாறி.
சேர்த்துக்கொள்வது கண்ணின் பாடு.
நீலம் இதற்கு வராது.
வானம் கஞ்சி நிறம், கடல் பழைய பித்தளை.

இந்த வண்ணத்துக்கு ஒரு குணம் உண்டு.
கயிறு, பீப்பாய், உப்பு மூட்டை,
சும்மா கிடப்பதெல்லாம் அச்சு அசல்.
அசைந்தால் விளிம்பு பிசகும்.
நாய்க்கு இரண்டு வால்,
ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.
வலையை உதறுகிறவனுக்கு நாலு கை.

அப்புறம் அந்தப் பெண்.
பீப்பாய்மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்கிறாள்.
யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.
திரும்புகிறாள்:
சிவப்பாய் ஒரு முகம் முன்னால் போக
பச்சையாய் ஒரு முகம் பின்னாலேயே வந்து
நம்மைப் பார்த்ததும்
இரண்டும் ஒன்றாகி
நின்றுவிடுகின்றன.
கன்னத்தில் ரத்தம் இருக்கிறது.
கடித்த இடத்தில் ஆப்பிள் ஈரமாக இருக்கிறது.

பியானோ நின்றுவிட்டது.
இந்த முறை ஹால்டிஸ் அறியாமல்.
பேய்க்குச் சிரித்தவன்
அம்மாவின் கோட்டுக்குள் பாதி போய்விட்டான்.
மாவு பூசி வந்தவளை
நாங்கள் எல்லாரும் சேர்ந்து தூரத்தில் வைத்திருந்தோம்.
இவள் மென்று கொண்டிருக்கிறாள்.
விழுங்குவதற்குள் சுருள் முடிந்துவிடும்.

விளக்குகள். கைதட்டல் கொஞ்சம் தாமதமாக.
ஆட்கள் போனபின் சுருளைத் திருப்பிச் சுற்றுகிறேன்.
கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்;
வெளியே உச்சிப்பகல்,
சூரியன் இல்லாத ஊருக்கே உரிய நீலம்
பனிமேல், கூரைமேல், தேவாலயத்துச் சுவர்மேல்.
படத்தில் இடம் கிடைக்காததெல்லாம்
இங்கே வந்து நிற்பதுபோல்.

படிகளில் காலடிச் சத்தம்.
எய்லிஃப். மறந்துபோன கையுறைக்காக வந்தவன்,
சிவப்புக் கம்பளி,
அதை என் முகத்துக்கு நேரே வேகமாக ஆட்டுகிறான்.
"பச்சை தெரியுதா?"
"ஒன்றுதான் தெரியுது."
நம்பவில்லை.
இன்னும் வேகமாய் ஆட்டுகிறான்,
மூச்சு வாங்க,
வாயிலிருந்து புகை புகையாய்.